குழந்தையின் குறட்டையும் வளரும் முகமும்

“ஆடின களைப்பு, அசந்து தூங்குறான். குறட்டையைக் கேளு!” நம் வீடுகளில் குழந்தையின் குறட்டையைப் பற்றி இதற்கு மேல் யாரும் பேசுவதில்லை. தாத்தாவைப் போலவே குறட்டை விடுகிறான் என்று சொல்லி மகிழ்பவர்களும் உண்டு. சளி பிடித்த நாட்களில் மூக்கடைத்துக் குழந்தை குறட்டை விடுவது இயல்பு. சளி போனதும் அதுவும் போய்விடும். ஆனால் வாரத்தில் மூன்று இரவுகளுக்குக் குறையாமல், மாதக்கணக்கில் குறட்டை கேட்கிறது என்றால் அதை ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. காற்று போகும் வழி குறுகியிருக்கும்போதுதான் அந்த ஓசை பிறக்கிறது.

இப்படித் தொடர்ந்து குறட்டை விடும் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்குத் தூக்கத்தில் மூச்சுவழி அவ்வப்போது பாதியாகவோ முழுதாகவோ அடைபடுகிறது. இதுவே ‘ஸ்லீப் ஆப்னியா’. நூறு குழந்தைகளில் சுமார் 1 முதல் 5 பேருக்கு இது இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். பருமனான பெரியவர்களின் நோயாகவே ஒரு காலத்தில் இதைக் கருதினார்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கிறிஸ்தியான் கியெமினோ 1976-இல் எட்டுக் குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகே, குழந்தைகளுக்கும் இது உண்டு என்பதை மருத்துவ உலகம் பரவலாகக் கவனிக்கத் தொடங்கியது.

பெற்றோர் முதலில் மனதில் கொள்ள வேண்டியது இதுதான்: முகத்தின் எலும்பமைப்பைப் பொறுத்தே மூச்சுவழியின் அகலம் அமைகிறது, குழந்தை மூச்சு விடும் விதமோ முகம் வளரும் திசையை மாற்றக்கூடியது. ஒன்று கெட்டால் மற்றதும் கெடும். ஒன்றைச் சீராக்கினால் மற்றதும் சீராக வழி பிறக்கும், அதுவும் வளரும் வயதிலேயே செய்தால்.

தூக்கத்தில் தளரும் தொண்டை

மூக்கின் உள்வழிக்கு எலும்பும் குருத்தெலும்பும் சுவராக இருக்கின்றன. தொண்டைக்குக் கீழே மூச்சுக்குழாயைக் குருத்தெலும்பு வளையங்கள் தாங்குகின்றன. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தொண்டைக்கு அப்படிப்பட்ட தாங்கல் கிடையாது. விழுங்க வேண்டும், பேச வேண்டும். அதற்காக அது வளைந்து சுருங்கும் தசைக் குழாயாகவே அமைந்திருக்கிறது. விழித்திருக்கும்போது அந்தத் தசைகளே தொண்டையைத் திறந்து பிடிக்கின்றன. தூங்கியதும் அவை தளர்கின்றன. கனவு காணும் உறக்க நிலையில் தளர்ச்சி மிக அதிகம்.

தளர்ந்தாலும் வழி போதிய அகலமாக இருந்தால் சிக்கல் இல்லை. குறுகலாக இருந்தால்தான் தொல்லை. சீராகக் காற்று ஓடும் ஒரு குழாயின் ஆரம் பாதியானால், காற்றோட்டத்துக்கான தடை இரண்டு மடங்காக அல்ல, பதினாறு மடங்காகக் கூடுகிறது. சின்னஞ்சிறு தொண்டையில் ஓரிரு மில்லிமீட்டர் குறைந்தாலும் குழந்தை மூச்சை இழுக்கப் படும் பாடு அதனால்தான் அவ்வளவு பெரிதாகிறது.

அந்த அகலத்தை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன: சுற்றியுள்ள எலும்புகள் எவ்வளவு இடம் விட்டிருக்கின்றன, அந்த இடத்துக்குள் எவ்வளவு சதை இருக்கிறது, தசைகள் எவ்வளவு விறைப்போடு இருக்கின்றன. ஒன்று மட்டும் குறையாக இருந்தால் உடல் எப்படியோ சமாளித்துவிடும். இரண்டு, மூன்று குறைகள் சேரும்போதுதான் மூச்சு அடைபடுகிறது.

வளர்ந்து பின் சுருங்கும் சதைகள்

குழந்தைகளிடம் இடத்தை அடைக்கும் சதைகளில் முதன்மையானவை டான்சிலும் அடினாய்டும். வாயைத் திறந்தால் தொண்டையின் இருபுறமும் தெரிபவை டான்சில்கள். அடினாய்டு மூக்கின் பின்புறம், அண்ணத்துக்கு மேலே மறைந்திருக்கிறது; வாய் வழியாகப் பார்த்தால் தெரியாது. இரண்டும் நோய் எதிர்ப்புத் திசுக்கள். இரண்டு, மூன்று வயதில் வேகமாகப் பெருத்து, பள்ளிப் பருவத்தில் உச்சம் தொட்டு, பதின்ம வயதில் தாமாகவே சுருங்கத் தொடங்கும்.

சதை பெருக்கும் வேகத்துக்கு எலும்புகள் ஈடுகொடுக்காத காலம் ஒன்று உண்டு. ஏறக்குறைய 2 வயது முதல் 8 வயது வரையிலான காலம் அது. குழந்தைகளின் ஸ்லீப் ஆப்னியா அதிகம் தென்படுவதும் இந்த வயதில்தான். ஒவ்வாமையால் எந்நேரமும் மூக்கடைத்திருக்கும் குழந்தைக்கு நெருக்கடி இன்னும் கூடும். டான்சில் பெரிதாகத் தெரியும் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்த நோய் வருவதில்லை. ஓரளவே பெருத்த டான்சில் உள்ள குழந்தை கடுமையாக அவதிப்படுவதும் உண்டு. சதைக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைப் பொறுத்த வேறுபாடு இது. அந்த இடத்தைத் தருவது முகம்.

முகம் வளரும் விதம்

மூளையைப் பாதுகாக்கும் மண்டையோடு ஆறேழு வயதுக்குள் பெரியவர்களின் அளவை நெருங்கிவிடுகிறது. முகம் அப்படியல்ல. தாடைகளும் மூக்கின் உட்புறமும் பதின்ம வயது முடியும்வரை வளர்கின்றன. அந்த வளர்ச்சியின் பெரும்பகுதி மரபுவழிப்பட்டது. அப்பாவின் தாடையும் அம்மாவின் அண்ணமும் பிள்ளைக்கு வருகின்றன. மீதி, முகத்தின் மேல் இரவும் பகலும் செயல்படும் மெல்லிய விசைகளைப் பொறுத்தது. நாக்கு, கன்னம், உதடு ஆகியவை எங்கே தங்குகின்றன, எப்படி அழுத்துகின்றன என்பது முக்கியம்.

மூக்கால் மூச்சு விடும் குழந்தை வாயை மூடியிருக்கும். நாக்கு அண்ணத்தைத் தொட்டுப் படிந்திருக்கும். கன்னத் தசைகள் வெளியிலிருந்து மேல்தாடையை உள்நோக்கி அழுத்த, நாக்கு உள்ளிருந்து வெளிநோக்கி அழுத்துகிறது. இரண்டும் சமனாக இருக்கையில் மேல்தாடை நல்ல அகலத்தில் விரிகிறது. மூக்கடைத்த குழந்தைக்கு வாயைத் திறந்தே வைத்திருக்க வேண்டிய கட்டாயம். கீழ்தாடை தொங்க, நாக்கும் அதோடு இறங்கிவிடுகிறது. உள்ளிருந்து தாங்க ஆளில்லாமல் கன்னத்தின் அழுத்தம் மட்டும் மிஞ்சுகிறது. மேல்தாடை குறுகி, அண்ணம் உயர்ந்து ஒடுங்குகிறது. கீழ்தாடை முன்னோக்கி வளர்வதற்குப் பதில் கீழும் பின்னுமாகத் திரும்பி வளர, முகம் நீள்கிறது.

இதனால் மூச்சுவழி இரண்டு இடங்களில் நெருக்கப்படுகிறது. மாடி வீட்டில் கீழ்த்தளத்தின் கூரையே மேல்தளத்தின் தரையாக இருப்பதுபோல, வாய்க்குக் கூரையான அண்ணமே மூக்குக்குத் தரை. அண்ணம் ஒடுங்கினால் மூக்கறையும் ஒடுங்கும். பின்தங்கிய கீழ்தாடையோ நாக்கைத் தன்னோடு பின்னுக்குத் தள்ளி, தொண்டைக்குள் இருக்கும் இடத்தையும் பிடுங்கிக்கொள்கிறது. மூக்கடைப்பில் தொடங்கிய ஒன்று முகத்தை மாற்ற, மாறிய முகம் மூச்சை மேலும் அடைக்கிறது. பிறகு சதை சுருங்கினாலும் எலும்பின் அமைப்பு அப்படியே தங்கிவிட வாய்ப்புண்டு.

ஆய்வுகள் காட்டியது என்ன?

கோபன்ஹேகனில் காது மருத்துவரான வில்ஹெல்ம் மேயர், 1868-இல் அடினாய்டு வளர்ச்சியை விவரித்து அதை அகற்றும் முறையையும் வெளியிட்டார். அவரிடம் வந்த குழந்தைகளுக்குக் காது மந்தமாகக் கேட்டது. பேச்சு மூக்கடைத்தாற்போல் இருந்தது. வாய் எப்போதும் திறந்திருந்தது. நீண்ட முகம், திறந்த வாய், களைத்த கண்கள் என்ற தோற்றத்துக்குப் பின்னாளில் ‘அடினாய்டு முகம்’ என்றே பெயர் வந்தது. நூறாண்டுகள் கழித்து, ஸ்வீடனின் பல் சீரமைப்பு மருத்துவர் ஸ்டென் லிண்டர்-அரோன்சன் 1970-இல் எக்ஸ்ரே அளவீடுகளோடு ஆராய்ந்தார். அடினாய்டால் மூக்கடைத்த குழந்தைகளுக்கு மேல்தாடை குறுகியும் முகம் நீண்டும் கீழ்தாடை பின்தங்கியும் இருப்பதைக் காட்டினார். அடினாய்டை அகற்றி, மூக்கால் மூச்சு விடத் தொடங்கிய பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, அவர்களின் தாடை வளர்ச்சி இயல்பான திசையை நோக்கித் திரும்பியதையும் பதிவு செய்தார்.

சான் பிரான்சிஸ்கோவில் எகில் ஹார்வோல்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர் குட்டிக் குரங்குகளின் மூக்கை அடைத்து ஆராய்ந்தார்கள். வாயால் மூச்சு விடப் பழகிய அவற்றின் தாடையும் பல்வரிசையும் மாறின. ஆனால் எல்லாக் குரங்குகளுக்கும் ஒரே மாதிரி மாறவில்லை. எந்தத் தசையை எப்படிப் பயன்படுத்திச் சமாளித்தன என்பதற்கேற்ப மாற்றங்களும் வேறுபட்டன. குழந்தைகளுக்கோ மூக்கு முற்றிலும் அடைபடுவது அரிது. ஆகவே, வாயால் மூச்சு விடுகிற ஒவ்வொரு குழந்தைக்கும் முகம் நீண்டுவிடும் என்று சொல்ல முடியாது; முகம் நீண்ட ஒவ்வொரு குழந்தைக்கும் மூச்சுக் கோளாறு இருக்கும் என்றும் சொல்ல முடியாது. மரபுக்கு எவ்வளவு பங்கு, பழக்கத்துக்கு எவ்வளவு என்ற விவாதம் இன்றும் நடக்கிறது. இரண்டுக்கும் பங்குண்டு என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

பிறவியிலேயே இடம் குறைந்தவர்கள்

சில குழந்தைகள் குறுகிய மூச்சுவழியோடே பிறக்கிறார்கள். பியேர் ரோபின் என்ற பிரெஞ்சு மருத்துவரின் பெயரால் அறியப்படும் நிலையில் கீழ்தாடை மிகச் சிறிதாக இருக்கும். நாக்கு பின்னோக்கி விழுந்து மூச்சை அடைக்கும். இவர்களில் பலருக்கு அண்ணப் பிளவும் இருக்கும். பச்சிளங்குழந்தையாக இருக்கும்போதே மருத்துவமனைக் கண்காணிப்பில் குப்புறப் படுக்க வைப்பது முதல், தாடையை மெல்ல நீட்டும் அறுவை வரை இதற்குச் சிகிச்சைகள் உள்ளன. குரூசான், ஏபர்ட் போன்ற அரிய மரபணு நிலைகளில் முகத்தின் நடுப்பகுதி முன்னோக்கிப் போதிய அளவு வளர்வதில்லை.

டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கு முகத்தின் நடுப்பகுதி சிறியது, அதற்குள் நாக்குக்கு இடம் போதாது, தசைகளும் தளர்ந்தவை. அவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஸ்லீப் ஆப்னியா காணப்படுகிறது. குறட்டை கேட்காவிட்டாலும்கூட நான்கு வயதுக்குள் தூக்க ஆய்வு செய்துவிட வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி பரிந்துரைக்கிறது. பெற்றோரின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாமல் நோய் இருக்கக்கூடும் என்பதே காரணம்.

எதைக் கவனிக்க வேண்டும்?

இரவில்: தொடர்ந்த குறட்டை, நடுவில் சில நொடி அமைதி, பிறகு திடுக்கிட்டு மூச்சு வாங்குதல். மார்பும் வயிறும் எதிரெதிராக ஏறி இறங்குதல். தலையைப் பின்னோக்கி மடித்துக் கழுத்தை நீட்டிப் படுத்தல். வியர்வையில் நனைதல், படுக்கை முழுதும் உருளுதல். பல மாதங்களாக நின்றிருந்த படுக்கையில் சிறுநீர் கழிக்கும் வழக்கம் திரும்ப வருதல்.

பகலில்: எந்நேரமும் திறந்த வாய், காலையில் தலைவலி, எடையும் உயரமும் கூடாமை, படிப்பில் கவனம் நிலைக்காமை. பெரியவர்களைப் போலக் குழந்தைகள் பகலில் தூங்கி வழிவது குறைவு. மூச்சு அடைபட்டாலும் அவர்கள் எளிதில் விழித்துக்கொள்வதில்லை. தூக்கம் தொடர்வது போலவே தோன்றும். ஆனால் சோர்ந்த மூளை துறுதுறுப்பாகவும் எரிச்சலாகவும் வெளிப்படும். ‘அடங்காத பிள்ளை’ என்று பெயர் வாங்கும் குழந்தைகளில் சிலருக்குத் தேவைப்படுவது கண்டிப்பு அல்ல, நல்ல மூச்சு.

1998-இல் டேவிட் கோசால் என்ற மருத்துவர் வெளியிட்ட ஆய்வு இதை உணர்த்துகிறது. அமெரிக்காவில் முதல் வகுப்பில் மதிப்பெண்ணில் கடைசியில் இருந்த 297 குழந்தைகளை அவர் பரிசோதித்தார். 54 பேருக்குத் தூக்கத்தில் மூச்சுக் கோளாறு இருப்பது தெரிந்தது. அவர்களில் 24 பேருக்கு டான்சிலையும் அடினாய்டையும் அகற்றும் அறுவை சிகிச்சை நடந்தது. 30 பேரின் பெற்றோர் வேண்டாம் என்றுவிட்டார்கள். அடுத்த ஆண்டு, சிகிச்சை பெற்றவர்களின் மதிப்பெண் உயர்ந்தது. மற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

மருத்துவரிடம் போகும் முன் செல்பேசியில் ஓரிரு நிமிடம் காணொளி எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு அடைப்பு அதிகம் நேர்வது கனவு உறக்கத்தில். அது இரவின் கடைசிப் பகுதியில்தான் நீண்டிருக்கும். எனவே படுத்த ஒரு மணி நேரத்தில் எட்டிப் பார்த்துவிட்டு ‘நன்றாகத்தானே தூங்குகிறது’ என்று முடிவு செய்யாமல், விடியற்காலை மூன்று மணிக்கு மேல் பாருங்கள். சட்டையைச் சற்றே விலக்கி, மார்பு தெரியும்படி எடுத்தால் மருத்துவருக்கு உதவும்.

பரிசோதனையும் சிகிச்சையும்

முதலில் குழந்தை மருத்துவரையோ காது மூக்கு தொண்டை மருத்துவரையோ பார்க்கலாம். நோயை உறுதி செய்யும் சிறந்த வழி, ஓர் இரவு முழுதும் மூச்சு, ஆக்சிஜன், மூளை அலை, இதயத் துடிப்பு ஆகியவற்றைப் பதிவு செய்யும் தூக்க ஆய்வு. வலியில்லாதது; பெற்றோர் கூடவே இருக்கலாம். மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைபடுகிறது என்பதே இதில் முக்கிய அளவு. பெரியவர்களுக்கு மணிக்கு 5-க்குக் குறைவாக இருந்தால் இயல்பு என்பார்கள். குழந்தைக்கு 1-ஐத் தாண்டினாலே இயல்பு அல்ல. 10-ஐத் தாண்டினால் கடுமை. பெரியவர்களின் அளவுகோலைக் கொண்டு குழந்தையின் அறிக்கையைப் படித்துவிடக் கூடாது. இந்த வசதி எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. கிடைக்காத இடத்தில் மருத்துவர் நேரடிப் பரிசோதனை, காணொளி, இரவில் ஆக்சிஜன் அளவு ஆகியவற்றை வைத்து முடிவெடுப்பார்.

டான்சிலும் அடினாய்டும் பெருத்த குழந்தைக்கு, அவற்றை அகற்றுவதே பெரும்பாலும் முதல் சிகிச்சை. அமெரிக்காவில் 5 முதல் 9 வயது வரையிலான 464 குழந்தைகளை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவுகள் 2013-இல் வெளியாயின. ஏழு மாதங்களில், அறுவை செய்துகொண்டவர்களில் 79 விழுக்காட்டினருக்குத் தூக்க ஆய்வு இயல்பாகிவிட்டது. பொறுத்திருந்து பார்த்த குழுவிலும் 46 விழுக்காட்டினருக்கு அறுவை இல்லாமலே இயல்பானது. கவனத்தை அளந்த தேர்வில் இரு குழுவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. நடத்தை, நோய் அறிகுறிகள், வாழ்க்கைத் தரம் ஆகியவற்றில் அறுவை செய்துகொண்ட குழந்தைகள் தெளிவாக முன்னேறினார்கள். நோய் லேசாக இருந்தால், மருத்துவர் கண்காணிப்பில் சில மாதம் பொறுத்திருப்பதும் ஒரு வழி என்று இதிலிருந்து தெரிகிறது. அந்தக் காலத்தில் மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேயும் ஒவ்வாமைச் சிகிச்சையும் உதவலாம். சில சமயம் இதற்குத் தரப்படும் மான்டெலுகாஸ்ட் மாத்திரை சில குழந்தைகளுக்கு மனநிலை மாற்றங்களை உண்டாக்கக்கூடியது. மருத்துவர் சொல்லாமல் தொடரக் கூடாது.

அறுவைக்குப் பிறகும் சிலருக்கு நோய் மிச்சமிருக்கும். உடல் பருமன் உள்ளவர்கள், நோய் கடுமையாக இருந்தவர்கள், தாடை குறுகியவர்கள் ஆகியோருக்கு இந்த வாய்ப்பு அதிகம். அறுவை முடிந்த சில வாரங்களில் குறட்டை நின்றதா என்று பார்ப்பதோடு, மறுபரிசோதனையும் அவசியம். வலிக்குக் கோடீன் கலந்த மருந்தைக் கொடுக்கவே கூடாது. சில குழந்தைகளுக்கு அது மூச்சையே நிறுத்திவிடும்.

தாடை குறுகிய குழந்தைகளுக்குத்தான் முகத்துக்கான சிகிச்சை வருகிறது. மேல்தாடை இரண்டு பாதிகளாக வளர்ந்து நடுவில் இணைகிறது. அந்த இணைப்பு பூப்பெய்தும் பருவம் வரை இறுகாமல் இருக்கும். பல் சீரமைப்பு மருத்துவர் மேல்பற்களில் திருகு வைத்த ஒரு கருவியைப் பொருத்துவார். பெற்றோர் சாவியால் நாள்தோறும் சிறிது திருப்ப, ஒரு திருப்பத்துக்கு ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் வீதம் தாடை விரிகிறது. அண்ணம் விரியும்போது மூக்கறையும் விரிகிறது. டான்சில், அடினாய்டு பெருக்காமல் மேல்தாடை மட்டும் குறுகியிருந்த 31 குழந்தைகளுக்கு இத்தாலியில் இப்படிச் செய்தபோது மூச்சுத் தடை வெகுவாகக் குறைந்ததாக 2004-இல் பாவோலா பிரெல்லி குழுவினர் எழுதினார்கள். சிறிய ஆய்வு அது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு அதில் இல்லை. மேல்தாடை உண்மையிலேயே குறுகிய குழந்தைக்கே இது பொருந்தும்.

இவை போதாதபோது, இரவில் முகமூடி வழியாகக் காற்றழுத்தம் தரும் சிபாப் கருவி உண்டு. நல்ல பலன் தரும் என்றாலும், வளரும் முகத்தில் முகமூடி ஆண்டுக்கணக்கில் அழுத்தினால் முகத்தின் நடுப்பகுதி தட்டையாகக்கூடும். அதனால் முகமூடியின் அளவையும் முக வளர்ச்சியையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். பருமன் உள்ள குழந்தைக்கு எடைக் குறைப்பும் சிகிச்சையின் பகுதியே.

செய்யக் கூடாதவை

தூங்கும் குழந்தையின் வாயில் டேப் ஒட்டும் வழக்கம் சமூக ஊடகங்களில் பரவி வருகிறது. மூக்கடைத்த குழந்தைக்கு வாய்தான் மிஞ்சியிருக்கும் ஒரே வழி; அதை மூடுவது ஆபத்து. முகத்தை அழகாக்கும், தாடையை வளர்க்கும் என்று விற்கப்படும் கருவிகளையும் பயிற்சிகளையும் மருத்துவர் ஆலோசனை இன்றி வாங்க வேண்டாம். ‘வாயை மூடுடா’ என்று திட்டுவதாலும் பயனில்லை. குழந்தை வாயைத் திறந்திருப்பது அடம் பிடித்தல்ல, காற்றுக்காக.

‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்பது பாதி உண்மை. அடினாய்டு ஒருநாள் சுருங்கும். சிலருக்கு நோயும் தானாகக் குறையும். ஆனால் யாருக்குக் குறையும் என்பதைப் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். அதற்குள் கற்றலும் உயரமும் தாடையும் இழந்தவை எல்லாம் தாமாகத் திரும்பி வந்துவிடும் என்ற உறுதி இல்லை. உங்கள் குழந்தை வாரத்தில் மூன்று இரவுக்குக் குறையாமல் குறட்டை விடுகிறதா? இன்று விடியற்காலை ஒரு காணொளி எடுங்கள். இந்த மாதத்துக்குள் மருத்துவரிடம் காட்டுங்கள். அவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: மூக்கின் பின்னால் அடைப்பு உண்டா? அண்ணம் குறுகியிருக்கிறதா? தூக்க ஆய்வு தேவையா? எலும்பு இறுகும் முன் இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால், செய்ய வேண்டியதைச் செய்யப் போதிய காலம் இருக்கும்.